அக்கரையில் ஒரு விசாரணை

இரண்டு ஆண் நாரைகள் ஒரே கூட்டில் குடித்தனம் நடத்தின. விஷயம் தெரிந்ததும் நாரைக்கூட்டம் திரண்டு வந்து ஒன்றைக் கொத்தியே கொன்றது. இறக்கை முறிந்து விழுந்த மற்றதை ஓர் ஆமை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரியில் நீந்தியது.

"என்னை இறக்கிவிடு. உன்னையும் கொன்றுவிடுவார்கள்."

"பேசாமல் பிடித்துக்கொள்" என்றது ஆமை.

அக்கரையில் காவலுக்கு நின்ற கொக்கு வழிமறித்தது.

"ஆணோடு வாழ்ந்ததற்காக அடிபட்டு வருபவர்களுக்கு இங்கே இடம் உண்டு. ஆனால் நீ அப்படி வாழ்ந்தாய் என்பதற்கு யார் சாட்சி?"

"என்னோடு வாழ்ந்தவன்தான். அவன் செத்துவிட்டான்."

"வேறு யாரும் இல்லையா?"

"அவனைக் கொன்றவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை."

கொக்கு தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டது. நாரை தனியாகக் கரையேறியது.