ஓட்டுக்கு வந்த பஸ்

தாராவிச் சந்துக்குள் வெயில் ஒரு முழத்துக்குத்தான் விழுகிறது. போன வருஷம் வரை குடியிருந்த வீட்டு வாசலில் நிற்கிறாள் ஜோஸ்பின். மனசில் ஒன்றும் எழவில்லை. விரலில் ஓட்டு மை இன்னும் பிசுபிசுக்கிறது. அவளைப்போல தூரத்துப் புறநகரான டோம்பிவிலிக்குக் குடிபோனவர்களின் ஓட்டு மட்டும் இங்கேயே இருப்பதால், கவுன்சிலர் அண்ணாச்சி காலையிலேயே பஸ் அனுப்பி எல்லோரையும் வரவழைத்து, ஆளுக்கொரு வடாபாவும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்திருக்கிறார். வாசல் குழாய் புஸ் புஸ்ஸென்று காற்றைக் கக்குகிறது. அதன் கீழே குடத்தை வைத்துக்கொண்டு, இப்போது அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் சஃப்ரீன் குத்தவைத்திருக்கிறாள். “ஒரு வாரமா இப்படித்தான்க்கா. நீங்க ஒரு வார்த்த சொன்னா அண்ணாச்சி கேப்பாவ. எங்க ஓட்டு ஊர்ல கெடக்கு, எங்க பேச்ச யாரு கேப்பா?” ஜோஸ்பின் தலையாட்டுகிறாள். கையிலிருக்கும் பாட்டிலைக் கொடுக்கலாமா என்று நினைப்பதற்குள் “சலோ, சலோ” என்று ரோட்டிலிருந்து பஸ்காரன் கத்துகிறான். படியருகே அண்ணாச்சி கைகூப்பி நின்று, ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஏற்றிவிடுகிறார். “என்ன ஜோஸ்பின், தண்ணியெல்லாம் நல்லா வருதா அங்க?” பாட்டிலை இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் படியேறுகிறாள். “வருது அண்ணாச்சி.”