ஆரஞ்சுத் தூறல்

டெல்பர்ட் ஹூப்பர் தரையில் முட்டி போட்டு, டார்ச் வெளிச்சத்தை எஞ்சினுக்குள் பாய்ச்சினார்.

எர்னி கோவாச் மூச்சை அடக்கிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில் அதை ரொம்ப நேரம் அடக்க முடியவில்லை.

கார் 1968-ஆம் வருடத்து கெஸ்ட்ரல். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். பல் டாக்டரிடம் வந்ததைப் போல பானட்டை ஆவென்று திறந்துகொண்டு எர்னியின் கராஜில் நின்றது.

டெல்பர்ட், கெஸ்ட்ரல் சங்கத்தின் நடுவர். கொலம்பஸிலிருந்து டொலிடோவுக்கு இதற்காகவே வண்டி ஓட்டி வந்திருக்கிறார். சங்கத்தின் தங்கச் சான்றிதழ் வேண்டுமென்றால், கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அதைவிட நன்றாக இருந்தாலும் குற்றம்.

போன வருடம் இரண்டு மதிப்பெண்ணில் தங்கம் போனது. காரணத்தை டெல்பர்ட் தாளில் எழுதியிருந்தார்: ‘புகைக்குழாய் மிகவும் சுத்தம்.’

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் எஞ்சினை முழுக்கப் பூட்டிய பிறகுதான் ஆரஞ்சு பெயிண்ட் அடிப்பார்கள். ஒரு எஞ்சினுக்கு முக்கால் நிமிடம். அந்த அவசரத்தில், பக்கத்தில் இருக்கும் இரும்புப் புகைக்குழாயிலும் பெயிண்ட் தூறலாக விழும். முன்பக்கம் திட்டுத் திட்டாக, பின்பக்கம் போனால் போகிறதென்று. அந்தத் தூறல் இருந்தால்தான் அசல்.

ஆக, எர்னி அசிங்கமாக பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் தடவை, தூறல் புடவைக்குக் கரை வைத்தது போல வரிசையாக விழுந்தது. இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். அதுவும் நேராக வந்தது. மூன்றாவது தடவை இடது கையால். நான்காவது தடவை மூன்று பீர் குடித்துவிட்டு. அவர் வாழ்நாளில் அடித்ததிலேயே மிக நேர்த்தியான பெயிண்ட் அதுதான்.

ஏழு தடவை அடித்தார். ஏழு தடவை சுரண்டினார்.

இந்த வருடமும் தங்கம் இல்லையென்றால் காரை விற்றுவிடுவது என்று மனைவி வெர்னாவோடு ஒப்பந்தம். கெஸ்ட்ரல் உள்ளே சுகமாகத் தூங்க, வெர்னா நான்கு குளிர்காலமாகத் தன் காரின் மேல் விழுந்த பனியை வாசலில் நின்று சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, எட்டாவது தடவைக்கு எர்னி பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைத் தூக்கியபோது, கராஜ் ஃப்ரீஸரில் கோழி எடுக்க வெர்னா வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாக்கச் சகிக்கல. தள்ளு.”

கோழிப் பொட்டலத்தை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையில் பெயிண்ட் துப்பாக்கியை வாங்கினார். வியாழக்கிழமை தங்கை வருகிறாள், எந்த அறையில் படுக்க வைப்பது என்று பேசிக்கொண்டே ஒரு வீச்சு. மணிக்கட்டை ஒரு திருப்பு. மறுபடி ஒரு வீச்சு. முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை.

கோழிப் பொட்டலத்தின் மேலும் கொஞ்சம் ஆரஞ்சு தூறியிருந்தது.

இப்போது டெல்பர்ட் டார்ச்சை அணைக்காமலே நிமிர்ந்தார்.

“யோவ் எர்னி, ஃபேக்டரியில அடிச்ச பழைய குழாய எங்கய்யா புடிச்ச?”

“போன வாரம் அடிச்சதுய்யா.”

“யார்கிட்ட கதை விடுற? ஷிஃப்ட் முடிய பத்து நிமிஷம் இருக்கறப்ப, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடிச்ச கை இது. உனக்குத் தலைகீழா நின்னாலும் வராது!”

சொல்லிக்கொண்டே தாளில் எழுதினார். முழு மதிப்பெண். தங்கம்.

எர்னி குதித்தார். திறந்திருந்த பானட்டில் தலை ‘ணங்’கென்று இடித்தது. வலிக்கவில்லை. டெல்பர்ட்டைக் கட்டிப்பிடித்தார். பிறகு காரை. தரையில் கிடந்த பெயிண்ட் துப்பாக்கியைக்கூட எடுத்துத் தடவிக் கொடுத்தார்.

“அடிச்சவன் மட்டும் இங்க இருந்தான்னா, அவன் கைக்கு ஒரு முத்தம் குடுக்கலாம்,” என்றார் டெல்பர்ட்.

சமையலறைக் கதவருகே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த வெர்னா, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். வலது கையை நீட்டினார். டெல்பர்ட்டிடம் அல்ல.

“நீ குடு,” என்றார் எர்னியைப் பார்த்து.

டெல்பர்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. எர்னிக்குப் புரிந்தது. ஏழு தடவை தோற்றும் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வராததன் காரணமே அதுதான்.

1968-இல், அந்தத் தொழிற்சாலையின் பெயிண்ட் அறையில் நின்ற பெண் வெர்னா. வரிசையின் கடைசியில் அட்டையும் பென்சிலுமாக நின்ற தரப் பரிசோதகர் எர்னி. புகைக்குழாயில் ஆரஞ்சு தூறியிருக்கிறது, கவனக்குறைவு என்று சீட்டு எழுதி, அவரை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியவர்.

எர்னி குனிந்து அந்தக் கையில் முத்தமிட்டார்.

“இது ஒரு நாளுக்கு,” என்றார் வெர்னா, கையை எடுக்காமல். “இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”