குதிருக்குள் ஒரு தியாகி

வாசல் நடையில் பூட்ஸ் சத்தம் கேட்டதும், பாதி பின்னிய மகளின் சடையை அப்படியே விட்டுவிட்டுப் பஞ்சநாதம் நெல் குதிருக்குள் குதித்தார். முதல் தடவை மனைவியும் மகளும் சேர்ந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. ஒன்றரை மாதப் பழக்கத்தில் இப்போது அணில் மாதிரி ஏறிவிடுகிறார்.

"பஞ்சநாதம் இருக்கானா?" ஏட்டின் கரகரத்த குரல்.

"ஊர்லயே இல்லீங்க ஏட்டையா. காசிக்குப் போறேன்னு போனவருதான்," என்றாள் அன்னபூரணி.

குதிருக்குள் பஞ்சநாதம் மூச்சை அடக்கிக்கொண்டார். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று மகள் சிவகாமி உளறிவிடக் கூடாதே என்று முதல் நாளே அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நல்லவேளை, பூட்ஸ் திரும்பிப் போனது.

எல்லாம் நாற்பத்திரண்டு ஆகஸ்டில் தேடிக்கொண்ட வினை. கடலூருக்குப் போன மனிதர் சும்மா இருக்காமல் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு 'ஜே' போட்டு, ஒரு கல்லையும் விட்டார். அது நேராகப் போய் ஓர் இளநீர் வண்டியில் விழுந்தது.

ரயில் சிதம்பரம் வந்து சேர்வதற்குள் அந்த இளநீர் வண்டி வெள்ளைக்கார துரையின் காராகிவிட்டது. சத்திரத்துச் சீட்டுக் கச்சேரியில் நாள் தவறாமல் அந்தக் காரை உடைத்துக்கொண்டிருந்தார். புவனகிரிப் பக்கம் குத்தகைக்கு விட்ட நிலம் சோறு போட்டது. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. மகள் எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் முகட்டைப் பார்ப்பார்.

அப்படி ஒரு காலை, சீட்டாடப் போக ஆணியிலிருந்து சட்டையை எடுத்தபோதுதான் முதல் பூட்ஸ் சத்தம் கேட்டது. "தொரை காரை ஒடச்சது நீங்கதானாமே? தேடிக்கிட்டு வந்திருக்காங்க," என்று அன்னபூரணி பதறினாள். இளநீர் வண்டி என்று உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ஜெயில். மனிதர் யோசித்துப் பார்த்து, குதிருக்குள் ஒளிவதைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் வாரம் குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் கொல்லைக்கும் அலைந்தார். பொழுது போகவேண்டுமே! கீரை ஆய்ந்தார், பூக் கட்டினார், மகளிடம் தாயத்தில் தோற்றுச் சண்டை போட்டார். கத்திரிக்காய் கொத்சுக்குப் புளி எவ்வளவு என்று பெண்டாட்டிக்கே பாடம் சொல்லும் அளவுக்கு முன்னேறினார். சிவகாமி நாலாம் வகுப்பு என்பதும் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

இன்று ஏட்டு போனதும் குதிரிலிருந்து இறங்கி மறுபடி சடையைப் பிடித்தபோது, பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் பட்டாளத்தில், எகிப்துப் பக்கம் இருக்கிறான். அவன் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டுவது பஞ்சநாதம்தான்.

"அன்னம், துளி பனங்கல்கண்டு குடேன். தொண்ட கட்டிக்கிச்சு."

"ஒனக்கு எப்பப் பாத்தாலும் தொண்டதாம்மா," என்றார் பஞ்சநாதம். "எனக்கு இங்க உசுரு போவுது. ஏட்டு இப்பதான் வந்துட்டுப் போறான்."

"அய்யய்யோ! பாத்து சூதானமா இருங்கண்ணே," என்றாள் அவள்.

மறுநாள் சாப்பாடு ஆனதும் பஞ்சநாதம் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். எங்கேயும் போவதற்கு அல்ல. அதன் பையைப் பிரித்து மகளின் மரப்பாச்சிக்கு ஒரு பாவாடை தைக்கலாம் என்று எண்ணம். அன்னபூரணி சட்டையைப் பார்த்தாள், விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் போனாள்.

ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் டக், டக், டக். சட்டையோடு குதிருக்குள் பாய்ந்தார்.

"எத்தினி நாளைக்கு இப்பிடியே அலய வுடுவ?" ஏட்டின் குரலில் இன்று சூடு ஜாஸ்தி. "இன்னிக்கி அவன் கெடைக்கலன்னா ஒன்னத்தான் ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போவேன்!"

"ஏட்டையா... அப்பிடில்லாம்..." அன்னபூரணியின் குரல் நடுங்கியது.

பஞ்சநாதம் குதிரின் விளிம்பைப் பற்றிக்கொண்டு எழுந்தார். தன் வாய்க்கொழுப்புக்கு அவள் ஜெயிலுக்குப் போவதா? அவள் போய்விட்டால் சிவகாமிக்கு யார் இருக்கிறார்கள்? சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டு, தலையெல்லாம் தவிடும் தூசியுமாகக் குதிரிலிருந்து குதித்தார்.

"அய்யோ, வராதீங்க! உள்ள போங்க!" என்று அன்னபூரணி கத்தினாள்.

அவர் கேட்கவில்லை. நடைக்கு ஓடி, ஏட்டின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, விலங்குக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அவளை வுட்டுடுங்க ஏட்டையா! நான்தான் பஞ்சநாதம். நான் ஒடச்சது காரே இல்ல, வெறும் எளநீ வண்டி. பெருமைக்குப் பொய் சொன்னேன். என்ன தண்டன உண்டோ எனக்கே குடுங்க!"

சிவகாமி 'க்ளுக்' என்று சிரித்தாள்.

நீட்டிய கைகளில் ஏதோ கனமாக வந்து விழுந்தது. விலங்கில் தோல் வாடை வீசுமா? மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

ஒரு ஜோடி பழைய பட்டாளத்து பூட்ஸ். எதிரே விருத்தாம்பாள் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் கடிக்குதுண்ணே. இனிமே நீங்களே போட்டுக்கிட்டு நடங்க!"