மூன்றாம் தரம் வந்த கறை

"மூண்டாம் தரம், சிமியோன். இனி என்ன சொல்லப் போறீர்?"

மனேஜர் சண்முகநாதன் தன் மேசைக்குப் பக்கத்தில் நிலத்தைக் காட்டினார். நீலக் கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேநீர்க் கறை படர்ந்திருந்தது.

நீரிறைக்கும் மெசின் விற்கும் அந்தக் கம்பெனியின் யாழ்ப்பாணக் கிளையில், மனேஜரின் அறைக்கு மட்டும்தான் கம்பளம். கொழும்புத் தலைமைக் கந்தோரில் மிஞ்சிய சதுரத் துண்டுகளை அனுப்பியிருந்தார்கள். அவற்றை வரிசையாகப் பொருத்திச் சீமெந்து நிலத்தில் ஒட்டியவர் சிமியோன்தான். பதினோரு வருடமாக அங்கே தேநீர் கொடுப்பதும் கூட்டித் துடைப்பதும் அவர் வேலை.

"நான் புதுசா ஒண்டும் ஊத்தேல்லை ஐயா. உது பழைய கறை."

"போன கிழமை நீர் துடைச்ச பிறகு என்ரை கண்ணாலை பாத்தனான். ஒரு பொட்டும் இல்லை. இப்ப எங்காலை வந்தது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை ஐயா. வினாகிரியும் போட்டுப் பாத்திட்டன். போகுது, ரெண்டு நாளிலை திரும்ப வருது."

"தானா வருதோ?"

சிமியோன் குனிந்து கறையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சரி, பழசெண்டே வைப்பம். எப்ப ஊத்துப்பட்டது?"

சிமியோன் ஒருதரம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆடியிலை, ஐயா."

அந்த வருடம் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்தில், கொழும்பில் சண்முகநாதனின் ஒரே தம்பியைக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் கந்தோர்ப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்த அன்றுதான் கம்பளத்தில் கறையைக் கண்டார்.

"நான் செத்தவீட்டுக்குள்ளை கிடக்க, நீங்கள் இஞ்சை என்ரை அறையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறியள்."

"அப்பிடி இல்லை ஐயா..."

"அப்ப எப்பிடி? சொல்லும்!"

சிமியோன் மேசையிலிருந்த வெறும் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தேத்தண்ணி ஊத்துப்படுறது பெரிய குற்றமில்லை. பொய்தான் எனக்குப் பிடியாது. நாளையிலை இருந்து வர வேண்டாம்."

வெளியே ரைப் அடித்துக்கொண்டிருந்த ஸ்ரெல்லா கையை நிறுத்தினாள். எழுந்து வாசலுக்கு வந்தாள். "சேர், நத்தார்ப் பெருநாள் வருது. பிள்ளையள் இருக்கிற மனிசன்..."

"நீர் உம்மடை வேலையைப் பாரும்."

சிமியோன் அறையை விட்டுப் போனார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வெள்ளைத் துணியும் வாளியில் பச்சைத் தண்ணீருமாகத் திரும்பி வந்தார். மனேஜரின் காலடியில் முழங்காலிட்டு, தேய்க்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒத்தி ஒத்தி எடுத்தார். அரை மணித்தியாலத்தில் கறை போய்விட்டது. துணியைப் பிழிந்து வெளியே கொடியில் போட்டார்.

"வாறன் ஐயா" என்றார் வழக்கம்போல.

சண்முகநாதன் கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

மறுநாள் அவர் அறையைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நெல்லியடிப் பக்கம் போனார். புது மெசினைத் தோட்டக்காரருக்கு ஓட்டிக் காட்டும் வேலை. நாலு நாள் பிடித்தது.

திரும்பி வந்து அறையைத் திறந்தார். அதே இடத்தில் அதே கறை.

"ஸ்ரெல்லா! என்ரை அறைக்கு ஆரும் வந்தவையோ?"

"திறப்பு உங்களிட்டையெல்லோ சேர் இருந்தது."

சண்முகநாதன் திரும்பிக் கதவுப் பூட்டைப் பார்த்தார். பிறகு கடிதம் வெட்டும் கத்தியை எடுத்துக் குந்தியிருந்து, அந்தச் சதுரத்தை மட்டும் நெம்பிக் கிளப்பினார். பிரட்டிப் பார்த்தார். அடிப்புறம் முழுக்க மண்ணிறம். தொட்டால் இன்னும் ஈரம். கீழே சீமெந்திலும் அதே நிறம்.

"அடியிலை ஊறி நிக்குது சேர்" என்றாள் ஸ்ரெல்லா மெதுவாக. "மேலை துடைச்சாப் போகும். காயக் காய, கீழை இருக்கிறது திரும்ப ஏறி வரும்."

சண்முகநாதனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கையோடு காரை எடுத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனார். சிமியோனின் மனைவி லூர்த்தம்மா படலையைத் திறந்தாள். முற்றத்தில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். சண்முகநாதன் அதில் இருக்காமல் நின்றபடியே கேட்டார்.

"சிமியோன் நிக்கிறாரோ?"

"நேற்று மன்னாருக்குப் போட்டார் ஐயா. அங்கை மீன்வாடியிலை சமையல் வேலையாம்."

"நத்தாருக்கு வருவாரெல்லோ?"

"புது வேலை. லீவு குடுக்க மாட்டினமாம்."

வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பெண் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தார்கள்.

"கடிதம் போடுங்கோ லூர்த்தம்மா. நான் வரச் சொன்னனான் எண்டு எழுதுங்கோ. பிழை என்னிலைதான். அந்த மனிசன் ஒருதரம் கைதவறி ஊத்தினதை, நான் மூண்டு தரமெண்டு நினைச்சுப்போட்டன்."

லூர்த்தம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அவர் ஒருதரமும் ஊத்தேல்லை ஐயா."

"அப்ப ஆர் ஊத்தினது?"

"உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டவர்."

"பரவாயில்லை, சொல்லுங்கோ. நான் ஆரையும் ஒண்டும் செய்ய மாட்டன்."

அவள் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தம்பியின்ரை செய்தி ரெலிபோனிலை வந்த அண்டைக்கு, நீங்கள் குளறிக்கொண்டு எழும்பேக்கை உங்கடை கை பட்டுத்தான் ஐயா கோப்பை விழுந்தது. 'அந்த நாளை ஏன் அந்த மனிசனுக்குத் திரும்ப ஞாபகப்படுத்துவான், பழி என்ரை தலையிலையே கிடக்கட்டும்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் அவர் பஸ் ஏறினவர்."