தளும்பாத காபி

சரக்கு ரயில் கார்டு கைலாசம் போட்ட மனுவை விசாரிக்க, சென்னையிலிருந்து ஒரு அதிகாரியே வந்துவிட்டார். எழுபத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை வெயிலில், ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு பெட்டிக்குள் ஏறி, இரும்புப் பெஞ்சில் துண்டை விரித்து உட்கார்ந்தார். பிளாஸ்கைத் திறந்து, டம்ளர் நிறையக் காபி ஊற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"பெட்டி தூக்கித் தூக்கிப் போடுது, சேலத்துலேருந்து சங்ககிரி போறதுக்குள்ள இடுப்பே கழண்டுடுதுன்னு எழுதியிருக்கே?"

"ஆமாங்க. போன மாசம் செவுத்துல மோதி ரெண்டு விலா எலும்பு முறிஞ்சு போச்சுங்க."

"இந்தக் காபியைப் பாருய்யா. ஒரு சொட்டு தளும்புச்சா?"

"இல்லீங்க."

"சத்தம் காதைப் பொளக்குதுன்னியே? நான் மெதுவாப் பேசறது உனக்குக் கேக்கலை?"

"கேக்குதுங்க."

"உக்காந்த இடத்துல சம்பளம். அதுக்கும் மூக்கால அழுகை!"

இருபது வருஷமாக இந்தப் பெட்டியில் இடுப்பொடிந்த கைலாசத்துக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பினால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

'நேரில் பயணம் செய்து பார்த்தேன். குறை ஏதும் இல்லை' என்று எழுதி, அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

"ஏனுங்க சார், இன்னும் இஞ்சினே மாட்டலீங்களே! அரை மணியில வந்துருமுங்க. சங்ககிரி வரைக்கும் வந்து பாத்துட்டு எழுதுங்க."

அதிகாரி அவசரமாக பிளாஸ்கை மூடினார்.

"எனக்கென்ன பைத்தியமா? இஞ்சின் வர்றதுக்குள்ள கையைப் பிடிச்சு எறக்கி விடுய்யா. தூக்கிப் போடற வண்டியில ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்!"