முதல் பொட்டலம்

"பணக்காரங்க வயித்துல இருந்தாத்தான் அது புழு, எங்க புள்ள வயித்துல இருந்தா புழு இல்லையா டாக்டரம்மா?"

அமுதத்தின் குரல் கேட்டு, வெளியே நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் நீலாயதாட்சி, அமுதத்தின் இடுப்பில் துவண்டு கிடந்த அல்லியின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தார். சிவப்பே இல்லை. ஏழு வயதுப் பெண்ணுக்குப் பாதம் இரண்டும் வீங்கி, நாலெட்டு வைத்தால் மூச்சு வாங்கியது.

காரைக்காலை விட்டுப் பிரெஞ்சுக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தலத்தெருவுக்கு அப்பால், வயலோரத்து ஓட்டுக் கட்டடத்தில், குடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு பற்றிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்கள், கப்பலேறிப் போய்த் திரும்பியவர்கள் இவர்களுடைய மலத்தைச் சோதித்து, எந்த மருந்து கேட்கிறது என்று பார்ப்பார்கள். ஆளுக்கொரு தகர டப்பா கொடுத்து அனுப்புவதால் ஊரில் அதற்கு 'டப்பா ஆஸ்பத்திரி' என்று பெயர்.

"பழைய மருந்தை இவ ஒடம்பு தாங்காது அமுதம். ரத்தம் ரொம்பக் கம்மி," என்றார் டாக்டர்.

"அதான் புதுசா ஒண்ணு வந்திருக்காமே! 'நாளைக்கு வா, தர்றேன்'னு நேத்து சொன்னது நீங்கதானே? எனக்குப் பின்னாடி வந்த சைகோன் மரைக்காயருக்கு நேத்தே குடுத்துட்டீங்களாம். வண்டிக்காரக் கருப்பையன் சொன்னாரு."

"ஒரு வாரம் பொறு. அதுவரைக்கும் இந்த டானிக்கைக் குடு."

"அதுக்குள்ள புள்ள போயிட்டா?"

டாக்டர் டானிக் புட்டியை அமுதத்தின் கையில் வைத்தார்.

"போக விடமாட்டேன்," என்றார்.

ஆத்திரத்தோடு வெளியே வந்த அமுதம் பக்கத்து அறை வாசலில் நின்றாள். கட்டிலில் கமாலுதீன் மரைக்காயர் படுத்திருந்தார். சைகோனுக்கு அப்பால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கடை வைத்திருந்துவிட்டு, வெளுத்த முகத்தோடு கப்பலிறங்கியவர். மேஜையில் இளநீர். பக்கத்தில் ஒரு நர்ஸ்.

"எம்புள்ளைக்குச் சேர வேண்டியதைத் தின்னுட்டு, எளநீரும் குடிச்சிக்கிட்டுப் படுத்திருக்காரு பாரு மவராசன்!"

அவர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

நர்ஸ் பதறி எழுந்தாள். மரைக்காயர் கையமர்த்தினார்.

"புள்ள பேரு என்ன தங்கச்சி?"

"அல்லி. தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குமட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அமுதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் நடவுக்குப் போகவில்லை. பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பதும், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "டப்பா ஆஸ்பத்திரியிலயும் ஆள் பாத்துத்தான் மருந்து" என்று புலம்புவதுமாக இருந்தாள். புருஷன் செல்லையன் அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

கெடு முடிந்த அன்று காலையில் டாக்டரே குதிரை வண்டியில் வந்து இறங்கினார். மருந்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, தன் கையாலேயே அல்லிக்குப் புகட்டினார். கசப்பில் முகம் சுளித்த பிள்ளை கொஞ்சம் வாந்தியெடுத்துவிட்டுத் தூங்கிப்போனது. பொழுது சாயும்வரை அந்தக் குடிசையிலேயே நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

புழுக்கள் வெளியேறின. பிறகு பசி வந்தது. தை பிறந்தபோது அல்லி மற்றப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

அமுதம் ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சோடு டாக்டரைப் பார்க்கப் போனாள்.

"ஒங்களைக் கண்டபடி பேசிட்டேன், மனசுல வச்சிக்காதீங்கம்மா. ஆனா அந்த மரைக்காயரை நெனச்சாத்தான் இன்னும் ஆறல. மருந்து வாங்கின அன்னிக்கு வாசல்ல புள்ள கெடந்த கெடப்பைக் கண்ணால பாத்துட்டுத்தானே உள்ள வந்தாரு? அப்படியும் முந்திக்கிட்டாரே!"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருக்கார். இனிமேலும் சொல்லாம இருந்தா அது பாவம். உக்காரு."

அமுதம் தரையில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு ரத்தம் கம்மியா இருக்கிறவங்களுக்கு அந்த மருந்தை நான் அதுவரைக்கும் குடுத்ததே இல்ல. ஒத்துக்குமா, உசுருக்கே ஆபத்தாயிடுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா அல்லிக்கு வேற வழி இல்ல. மறுநாள் குடுத்துடலாம்னு பொட்டலத்தைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சிட்டிருந்தேன். மரைக்காயர் உள்ள வந்தார். 'என்ன டாக்டரம்மா, பொட்டலத்தையே பாத்துக்கிட்டிருக்கீங்க?'ன்னு கேட்டார். சொன்னேன்."

அமுதம் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அவருக்கும் அதே புழு. ரத்தமும் அல்லி மாதிரியே கம்மி. ஆனா பெரியவரு, அவசரம் இல்ல. ஊசி போட்டு ஒடம்பைத் தேத்திக்கிட்டு நிதானமா பழைய மருந்தையே சாப்பிட்டிருக்கலாம். அதையும் சொன்னேன். கேக்கல. 'இப்பவே எனக்குக் குடுங்க, ஒரு வாரம் நான் தாங்குறேனான்னு பாத்துட்டு அப்புறம் புள்ளைக்குக் குடுங்க. அந்தத் தாய்கிட்ட சொல்லாதீங்க, பயந்துபோய் மருந்தே வேணாம்னுடும்'னார். பொட்டலத்தை என் கையிலேருந்து வாங்கிக்கிட்டார். ஒரு வாரம் அவர் தாங்கினதைப் பாத்துட்டுத்தான் அல்லிக்குக் கொண்டாந்தேன்."

"ஏன்மா... அவரு எதுக்கு..." என்றாள் அமுதம்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நான் கடல் தாண்டி ஊரெல்லாம் பாத்தாச்சு டாக்டரம்மா. அந்தப் புள்ள இன்னும் காரைக்கால் கடைத்தெருவைக்கூடப் பாத்திருக்காது'ன்னார்."