வரவேண்டியவன்

“ஒரு இடத்துல உட்காரு லெனோரா. நீ நடக்கற நடையில என் படகும் சேர்ந்து ஆடுது.”

பக்கத்துப் படகிலிருந்து பெர்னிஸ் சொன்னாள். மடியில் பெரிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஃபோர்ட் பியர்ஸ் படகுத்துறையில் குடியிருக்கும் எல்லோருக்கும் சேர்த்துக் கிறிஸ்துமஸ் விருந்து. இறால் அவள் பொறுப்பு.

லெனோரா உட்காரவில்லை. மரப்பாலத்தின் கோடி வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வாடைக்காற்று விடாமல் அடித்தது. பாய்மரங்களில் சுற்றியிருந்த விளக்குச் சரங்கள் மோதி மோதி டங் டங்கென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தமே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் கணவன் டெல்மருக்கு மற்றவர்களின் படகுகளைக் கடல்வழியே கொண்டுவந்து சேர்ப்பதுதான் தொழில். இந்த முறை பஹாமாஸிலிருந்து ஒரு பல் டாக்டரின் பாய்மரப் படகு. ஞாயிற்றுக்கிழமையே வந்திருக்க வேண்டும். இன்று புதன். ரேடியோவில் குரல் இல்லை, போனிலும் பதில் இல்லை. ஊரார் படகையெல்லாம் ஓட்டுகிறவனுக்குத் தன் சொந்தப் படகை அவிழ்க்க நேரமே வாய்த்ததில்லை. அவர்கள் குடியிருக்கும் படகு வருஷக்கணக்காக இதே இடத்தில் கட்டிக் கிடந்தது.

பெர்னிஸின் கணவன் ஹார்லன் உள்ளேயிருந்து தலையை நீட்டினான்.

“ஏம்மா, அவன் ஏதாவது தீவுல ஒதுங்கி ரம் குடிச்சிட்டிருப்பான். நீரோட்டத்துக்கு எதிரா வாடை அடிக்கும்போது எந்த மடையன் கடலைத் தாண்டுவான்?”

“டெல்மர் தாண்டுவான். கிறிஸ்துமஸுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்.”

“பாத்தியா, உன்மேல அவ்வளவு பிரியம்.”

“போன வருஷமும் அப்படித்தான் சொன்னான்.”

“வரலையா?”

“புது வருஷத்துக்கு வந்தான். வந்த மறுநாளே அடுத்த படகு.”

ஹார்லன் பேச்சை மாற்றுவதற்காக மனைவி பக்கம் திரும்பினான். “இவளைப் பாத்துக் கத்துக்கோ பெர்னிஸ். புருஷன் துணியையெல்லாம் தோய்ச்சு மடிச்சு வெச்சுட்டா. தண்ணித்தொட்டி நிரப்பிட்டா. சிலிண்டர் மாத்திட்டா. அடுப்பு பளபளங்குது.”

“நானும் செய்யலாம்தான். நீங்க எங்கேயாவது போய்த் தொலைஞ்சாத்தானே?” என்றாள் பெர்னிஸ்.

லெனோராவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் கடலோரக் காவல்படைக்குச் சொல்லியிருந்தாள். கையிலிருந்த போனை நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தாள். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் போன் அடித்தது. காவல்படையிலிருந்து ஒரு பெண் பேசினாள். பாய்மரம் முறிந்த படகு ஒன்று தெற்கே மிதப்பதாகத் தகவல். யாருடைய படகு, உள்ளே ஆள் இருக்கிறதா, எதுவும் தெரியவில்லை. பார்த்துவர ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று முதல்முறையாக லெனோரா உட்கார்ந்தாள். பாலத்தின் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். பெர்னிஸ் இறாலை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, கழுவாத கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் வந்தாப் போதும்” என்றாள் லெனோரா. “வேற எதுவும் நான் கேக்கலை. உயிரோட வந்தாப் போதும்.”

“வருவான் கண்ணு. இவ்வளவு ஆசை வெச்சிருக்கிற பொண்டாட்டியை விட்டுட்டு எங்க போயிடுவான்?”

லெனோரா அவளை ஒருமாதிரி பார்த்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் துறைவாயிலில் ஒரு படகின் ஊதல் கேட்டது. அதைக் கேட்டு இன்னொன்று ஊதியது. பிறகு துறையிலிருந்த படகுகள் எல்லாமே ஊதின. காவல்படைப் படகு முன்னால் வர, பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்தது மொட்டைப் படகு. அதன் பின்பக்கத்தில் டெல்மர் நின்றுகொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. ஒரு கையில் கிழிந்த பாய்த்துணியைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தான்.

அவன் வீசிய கயிற்றை லெனோராதான் எட்டிப் பிடித்தாள். இழுத்துக் கட்டினாள். அவன் இறங்கியதும் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தங்கள் படகுக்குள் கூட்டிப்போய், அவன் கையைக் கழுவி மருந்து வைத்துப் புதுக் கட்டுப் போட்டாள். சுடச்சுட சூப் ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“சொன்னபடி கிறிஸ்துமஸுக்கு வந்துட்டேன் பாத்தியா?”

“வந்துட்டே.”

“ரொம்பப் பயந்துட்டியா?”

“செத்துட்டியோன்னு நினைச்சேன்” என்றாள். அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த உப்பை விரலால் துடைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள். பிறகு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“விருந்துக்கா? இரு, நானும் வரேன்.”

“விருந்துக்கு இல்ல டெல்மர். என் சாமானெல்லாம் போன வாரமே தங்கச்சி வீட்டுக்குப் போயாச்சு. நீ உயிரோட இருக்கியா இல்லியான்னு தெரியாம உன்னை விட்டுட்டுப் போக மனசு வரலை, அதுக்குத்தான் காத்திருந்தேன்.”